புல்புல்தாரா காலத்து ராக்

பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' 1979-இல் வந்தது. எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தபோது பட்டணத்தில் அதை மறந்தே போயிருப்பார்கள். கமலும் ரஜினியும் இசைக்குழுவாகச் சேர்ந்து சிங்கப்பூரில் பாடித் திரிவார்கள், இசை எம்.எஸ்.விஸ்வநாதன். படம் விட்டு மணல் தட்டி எழுந்த எங்கள் விக்கிரமங்கலத்துப் பையன்கள் சிலருக்குச் சிங்கப்பூர் வேண்டியிருக்கவில்லை, கிதார் மட்டும் போதும் என்றிருந்தது. கிதார் திருச்சியில் இருந்தது. அதை வாங்கும் காசு எங்குமே இல்லை.

எனவே புல்புல்தாரா. பொத்தானை அழுத்திக் கம்பியைச் சுண்டுகிற அந்தப் பெட்டிக்கு எங்கள் அகராதியில் கிதார் என்றுதான் பெயர். கூட ஒரு டோலக், ஒரு ஜோடி பேங்கோ, பாட வருகிறதோ இல்லையோ முடி வளர்த்திருந்த ஒருவன். குழுவுக்கு ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. பேனர் எழுதியவர் அதில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். பிழையோடுதான் புகழடைந்தோம், அதாவது மூன்று தெரு வரை.

எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே சென்னையில் பையன்கள் நிஜக் கிதாரோடு ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் அகில இந்திய பீட் போட்டி நடந்தது. அதில் தேறிய குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 ஆகிய இரண்டு வருஷமும் எல்பி தட்டுகளாக வந்தன. இந்திய ராக்கின் தொடக்ககாலப் பதிவுகள் என்று இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அவற்றைத்தான். அவர்களைப் புகையிலை வாழவைத்தது. எங்களை வாழவைத்தவர் சவுண்டு சர்வீஸ் அண்ணன்.

எங்கள் முதல் ஒலிப்பதிவு அவருடைய கொட்டகையில், குழாய் ஸ்பீக்கர்களுக்கும் டியூப்லைட் சட்டங்களுக்கும் நடுவில் நடந்தது. கருவி, உள்ளேயே மைக் வைத்த ஒரு டேப்ரெக்கார்டர். கேசட், யாரோ ஒருவரின் பக்திப் பாடல். அழியாமலிருக்க அதன் தலையில் உடைத்துவிட்டிருந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்தால் அதன் மேலேயே பதியலாம். மிக்ஸிங் என்பது டோலக்காரனை இரண்டடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்வது. இரைச்சல் நீக்கம் என்பது கோழிகளைத் துரத்துவது. அடுத்த வயலில் மோட்டார் நிற்கும்வரை காத்திருந்தோம். மோட்டார் நின்றது, கரண்ட் போய்விட்டதால் நின்றது.

ஒருவழியாகப் பதிவு ஓடத் தொடங்கிய நேரத்தில் காலனிப் பக்கமிருந்து பறை கேட்டது. சாவு. ஊர்வலம் எங்கள் வழியாகத்தான் போகும். அந்த டேப்ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் ஓர் அமைப்பு உண்டு. பலத்த சத்தம் வந்தால் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். வைக்கோல் தீயில் காய்ச்சி முறுக்கேறிய பறை ஒவ்வொரு அடிக்கும் எங்கள் புல்புல்தாராவைத் தரைக்குள் இறக்கியது. போட்டுக் கேட்டபோது பறை மட்டும் கணீரென்று, தாளம் பிசகாமல், எங்கள் பாட்டுக்கு இல்லாத உயிரோடு பதிந்திருந்தது. "கெடுத்துட்டானுங்கப்பா" என்றார் அண்ணன். அழித்துவிட்டு மறுபடி பதிந்தோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேசியோ கீபோர்டு வந்தது, டோலக்காரன் வேலை இழந்தான். சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் 1992-இல் 'ரோஜா'வோடு வந்து, எங்கள் சரக்கு முழுவதையும் ஒரே நாளில் பழசாக்கினார். அவர் ஏ.ஆர்.ரஹ்மான். எங்கள் குழு கலைந்தது. இதற்கிடையில் எங்கள் அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, அடுத்த வருஷமே பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. சேர்வதிலும் பிரிவதிலும் எந்த ராக் குழுவும் எங்கள் மாவட்டத்திடம் பாடம் படிக்கலாம். விக்கிரமங்கலம் என்ற பெயரும் ஒருவழியாக உலகம் சுற்றியது. எங்கள் பாட்டால் அல்ல, பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயில் சிலைத் திருட்டு வழக்கு எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் பதிவானதால். அங்கே திருடுபோன நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார்.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-இல் உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர், அதில் ஒரே பெண், கானா பாடும் இசைவாணி. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களிடம், தங்களைச் சாதியற்றவர்கள் என்று பதிவுசெய்யச் சொன்ன அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. மேடையில் எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ். அவற்றின் பக்கத்திலேயே, பின்னால் அல்ல, பறையும் சட்டியும். சாவு வீட்டுக் கானா, இட ஒதுக்கீடு பற்றிய பாட்டு, வடசென்னையின் பேச்சு. யூடியூபில் கேட்டேன். எங்கள் கேசட்டில் இரைச்சல் என்று அழித்த ஒலிக்கு அங்கே தனி மைக், தனி டிராக், விளக்கு, கைதட்டல்.

சவுண்டு சர்வீஸ் அண்ணனின் மகனிடம் அதைக் காட்டினேன். இப்போது அவர் எல்இடி திரையும் லைன் அர்ரேயும் வைத்திருக்கிறார். "செமையா இருக்குண்ணே, இந்த வருஷம் திருவிழாவுக்கு இறக்கிடலாமா?" என்றார். சென்னையிலிருந்து வரவழைப்பதைச் சொல்கிறார். ஊரிலேயே பறை இருக்கிறதே என்றேன். அது அவருக்கு வேறு பறை.

போன திருவிழாவுக்குச் செண்டை மேளம் வந்தது, டிஜே வந்தது. காலனியில் இன்று பறை அடிப்பவர்கள் வயதானவர்கள் சிலர்தான். இனிச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பிள்ளைகள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள். வைத்தது நியாயம். பரம்பரை பரம்பரையாகக் கட்டளையிட்டு வாங்கிய வேலை அது. கலை என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

விழாக் கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் கேரளாவுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் காலனிக்கு ஒரு நடை போங்கள். மேடைக்கு நடுவில் இடம் என்று சொல்லிக் கேளுங்கள். வந்தால் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். வரமாட்டோம் என்றால் மல்லுக்கு நிற்காமல் திரும்பி வாருங்கள். வருகிறோம் என்றால், செண்டைக்குப் பேசிய அதே தொகையை முதலிலேயே பேசி, அன்று இரவே கையில் கொடுத்துவிடுங்கள்.