75 கிலோ ஆசாமியைக் கொஞ்சம் அனுப்பி வைக்கவும்

அனுப்புநர்:
ஒரு மொபட் ரசிகன்,
சாமளாபுரம், பல்லடம் வட்டம்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்,
புனே.

பொருள்: தங்கள் சோதனைக்கூடத்து 75 கிலோ நபரை சாமளாபுரத்துக்கு அயல்பணியில் அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1966-ல் தொடங்கி இந்த நாட்டு வண்டிகளை எடை போட்டு, அவை விடும் புகையைப் பையில் பிடித்து, சான்றிதழ் கொடுத்துவரும் தங்கள் மீது எங்கள் ஊருக்கு அளவில்லாத மரியாதை. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

புது வண்டி வாங்க ஷோரூமுக்குப் போனால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். வாங்கி ஓட்டிப் பார்த்து, அத்தனை வரவில்லையே என்று திரும்பிப் போய்க் கேட்டால், “அது கம்பெனி மைலேஜுங்ணா, ரோட்டு மைலேஜ் வேறீங்க” என்கிறார் விற்பனைப் பையன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த எண் பிறக்கிற இடம் சோதனைக்கூடம். அங்கே வண்டி ரோட்டில் ஓடுவதில்லை. உருளைமேல் நின்ற இடத்திலேயே ஓடுகிறது. இரு சக்கர வண்டி என்றால் அதன் எடையோடு ஓட்டுகிறவருக்கென்று 75 கிலோவைக் கூட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பாரம். பல வருஷம் புழக்கத்தில் இருந்த சோதனைமுறையான இந்திய ஓட்டச் சுற்று 108 விநாடியில் முடிந்துவிடும். அதன் உச்ச வேகமே மணிக்கு 42 கிலோமீட்டர்தான். பிறகு உலக மோட்டார்சைக்கிள் சுற்று வந்தது. சுற்று மாறியது, வேகம் மாறியது. 75 கிலோ ஆசாமி மட்டும் அசையவில்லை.

இவரைப் பற்றி எங்கள் டீக்கடையில் நிறையப் பேச்சு. இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் பின்சீட்டு காலியாக இருக்காது. பிள்ளைகுட்டி இல்லை, இருந்தால் ஒன்று முன்னால் நின்றுகொண்டு ஹாரன் அடித்திருக்கும். ரேஷன் அரிசி வாங்குவதில்லை, கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோவதில்லை, மாட்டுக்குத் தவிட்டு மூட்டை எடுத்ததில்லை. குறுக்கே வந்த நாய்க்காக பிரேக் அடித்ததும் இல்லை. இப்படி ஒரு புண்ணியவானைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஊரே ஆசைப்படுகிறது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடக்கே நொய்யல், அதைத் தாண்டினால் சோமனூர். சுற்றிலும் விசைத்தறி. ஜவுளிக்காரர் பாவும் நூலும் கொடுப்பார், தறிக்காரர் கூலிக்கு ஓட்டிக் காடா துணியாகத் திருப்பிக் கொடுப்பார். கிழக்கே திருப்பூர் பக்கம் போனால் பனியன் மூட்டை. வெட்டிய துணி ஒரு வீட்டுக்கு, தைத்தது இன்னொரு வீட்டுக்கு, பிசிறு வெட்ட மூன்றாவது வீட்டுக்கு. இத்தனையும் கால் முளைத்து நடப்பதில்லை. பாவு பீம் மாதிரி பெரிசு எல்லாம் குட்டியானையில் போய்விடும், மற்றதெல்லாம் மொபட்டில்தான்.

மொபட்டை நாட்டுக்குப் பழக்கியவர்கள் உங்கள் புனேக்காரர்கள்தான், 1972-ல் லூனாவைக் கொடுத்து. ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபட். இரண்டு பேர் என்பது ஓசூர்க் கணக்கு. எங்கள் ஆட்கள் பின்சீட்டைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நூல் மூட்டையை ஏற்றினார்கள்.

அந்த ஏற்றத்தை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, குத்தலாக. பின்னால் இரண்டு, படுக்கையாக. பழைய டியூப்பை நீளமாக அறுத்த ரப்பர்க் கயிற்றை இழுத்து, பல்லைக் கடித்து, ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கி மாட்டுவார்கள். கால் வைக்க இடம் போய்விட்டதால் இரண்டு முழங்காலும் றெக்கை மாதிரி வெளியே விரிந்திருக்கும். இப்போதைய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்றால் 99.7 சிசி, நாலேகால் குதிரைத்திறன் சொச்சம், கியர் மாற்றும் சோலியே இல்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ஒரு முக்கல், அப்புறம் நகர்ந்துவிடும். எக்ஸ்எல் 100 சுமக்கும் பாரம் 130 கிலோ என்று கம்பெனியே அச்சடித்திருக்கிறது. அது ஆளையும் சேர்த்துத்தான். நாங்கள் ஆளை விட்டுவிட்டு, மூட்டைக்கு மட்டும் என்று படித்துக்கொள்கிறோம்.

ஆர்எக்ஸ் 100 பைக்கின் சத்தம் கேட்டால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். புல்லட்டில் லடாக் போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சும் விடுவேன். ஆனால் சோறு போட்ட வண்டி எது என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன். நாட்டில் விற்கிற வண்டிகளில் ஏறக்குறைய நாலில் மூன்று இரு சக்கரம். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் திட்டம் 2023 அக்டோபரில் வந்தது, நல்ல காரியம். நாலில் மூன்று பேருக்கு நட்சத்திரம் ராத்திரி அண்ணாந்து பார்த்தால்தான். கார்க்காரர்களோ கூரையில் கண்ணாடி ஜன்னல் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் அதைத் திறந்தால் வடகம் காயப்போடலாம்.

அடுத்து பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலப்புக்கு 2030 என்று வைத்த இலக்கை 2025-லேயே எட்டிவிட்டோம். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. மூன்று மூட்டை ஏற்றிய வண்டியில் எவ்வளவு குறையும் என்று அந்த அறிக்கையிடம் கேட்க முடியாது. எத்தனாலுக்கு மக்காச்சோளமும் போகிறது. பல்லடம் கோழிக்கும் அதுதான் தீவனம். விலை ஏறிவிட்டது என்று பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள். என் மொபட்டும் கறிக்கோழியும் ஒரே தட்டில் சாப்பிடும் காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

2017 ஏப்ரலில் இருந்து வரும் வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரிகிறது. எதிரே வருகிறவர்களுக்கு நம்மைத் தெரிய வேண்டும் என்பதற்காக. நன்றாகவே தெரிகிறது. இன்றைக்கும் எதிரே வருகிற பெரியவர்கள் கையை விரித்து மூடி, விரித்து மூடி, “தம்பி, லைட் எரியுது” என்று சைகை காட்டிவிட்டுத்தான் போகிறார்கள். அதற்கு ஒரு கையை எடுத்துக் கும்பிட வேண்டியிருக்கிறது. மறு கையில் மூன்று மூட்டை.

வரி உங்கள் துறை அல்ல என்று தெரியும். பக்கத்து அறையில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது, நன்றி. பருத்தி நூலுக்கு 5 சதவீதம், அதைச் சுமக்கும் வண்டிக்கு 18. லடாக் போகும் 350 சிசி புல்லட்டுக்கும் அதே 18.

ஆகவே ஐயா, கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. ‘சாமளாபுரம் சுற்று’ என்று ஒரு சோதனைமுறை வகுக்க வேண்டும். மூன்று மூட்டையோடு எங்கள் ஊர்க் குளத்தோரம் கிளம்பி, நொய்யலைத் தாண்டி, சோமனூரில் இறக்கி, காடா துணியோடு திரும்ப வேண்டும். நடுவில் டீ ஒன்று, வேகத்தடைகள் இருக்கிறபடி.

2. ஷோரூம் பலகையில் இரண்டு எண் எழுத வேண்டும்: தனியாளாகப் போனால் எவ்வளவு, பாரத்தோடு போனால் எவ்வளவு. மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகளில் சில, சோதனைத் தூரத்தையும் ரோட்டில் போகும் தூரத்தையும் தாங்களாகவே பக்கத்தில் பக்கத்தில் போடுகின்றன. பெட்ரோல் வண்டிக்கு மட்டும் என்ன வெட்கம்?

3. எத்தனால் கலப்பால் குறையும் மைலேஜையும் அதே பாரத்தோடு அளந்து சொல்ல வேண்டும்.

75 கிலோ ஆசாமி வந்தால் தங்க இடம் தருகிறோம். காலையில் கம்மங்கூழ், மத்தியானம் பள்ளிபாளையம் சிக்கன், எல்லாம் ஊர்ச் செலவு. வண்டியும் நாங்களே கொடுக்கிறோம். பெட்ரோல் மட்டும் அவர் கூலிக் காசில் அவரே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே வாரத்தில் மைலேஜைத் தசமப்புள்ளியோடு சொல்லிவிடுவார், எந்தக் கருவியும் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மொபட் ரசிகன்.