ஆறு நட்டுவாக்காலியும் மூன்று விலைப்புள்ளியும்

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தமையால், 1954இல் திருப்பதியில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமே சில ஆண்டுகள் இவ்வூருக்குச் சொந்த மாவட்டத்துப் பல்கலைக்கழகமாக விளங்கியது. எல்லைக்கோடு மாறிய பின்னரும் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இரயில் பாதை மாறவில்லை என்பதால், படிப்புக்காக அத்திசையில் வண்டி ஏறுவோரும் குறையவில்லை. அப்பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை, கே. பம்பாபதி ராவ் அங்கு பணியாற்றிய காலத்தில், விலங்கு உடலியலுக்குப் பெயர் பெற்றது. உறுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதோடு நில்லாமல் அது எப்படி இயங்குகிறது, வெயிலிலும் பட்டினியிலும் தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று ஆராய்வது உடலியல். அங்கே பயின்று, தமிழ்நாட்டில் பெயர் வேண்டாத ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரும், அத்தகைய பல்கலைக்கழகங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வுபெற்ற இன்னொருவரும் பிள்ளைகளின் திருமணத்தால் சம்பந்திகளாகித் திருத்தணியில் குடியிருக்கிறார்கள். கிருத்திகைதோறும் மலைக்கோயிலின் 365 படிகளை ஏறும்போது அவர்களிடையே நிகழும் உரையாடல் கீழே தரப்படுகிறது. சம்பந்திகள் ஒருவரையொருவர் மரியாதைக் குறைவாகப் பேச முடியாது என்பது இவ்வுரையாடலுக்கு ஒரு தடை. அதையே அது ஆயுதமாகவும் கொள்கிறது.

உடலியலார்: மெதுவாக வாருங்கள், சம்பந்தி. மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த உயரத்தில் அது குறிப்பிடும்படி குறைவதில்லை. மூச்சின் வேகத்தை முதன்மையாக ஆள்வது இரத்தத்திலுள்ள கரியமில வாயுவே என்று ஆல்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இலேயே காட்டிவிட்டார்கள்.

தணிக்கையார்: காட்டியிருக்கட்டும், சம்பந்தி, அதற்கு அவர்கள் செலவுச்சீட்டு வைத்தார்களா என்பதே இங்குள்ள கேள்வி. உங்கள் ஆய்வகத்துக் கோப்பில் ஒரு தணிக்கைத் தடை இன்றுவரை தீராமல் நிற்கிறது. வழவழப்பான வெள்ளைத் தாள் நல்ல விலைக்கு வாங்கப்பட்டு, பங்கீட்டு மண்ணெண்ணெயில் விளக்கேற்றி, அந்தப் புகையில் முழுவதும் கரியாக்கப்பட்டிருக்கிறது. எழுதுவதற்கு வாங்கிய தாளைக் கரிபிடிக்கச் செய்துவிட்டு அதை ஆராய்ச்சி என்று குறித்தால் எந்த அலுவலகம் ஏற்கும்?

உடலியலார்: அதுதான் கைமோகிராஃப். 1847இல் கார்ல் லுட்விக் அமைத்த கருவி அது: சீராகச் சுழலும் உருளையின் மேல் புகையேற்றிய தாளைச் சுற்றி, தவளையின் கெண்டைக்கால் தசையை ஒரு நெம்புகோலோடு நூலால் கட்டினால், தசை சுருங்கும்போதெல்லாம் நெம்புகோலின் முனை கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு ஒன்றை வரைந்துவிடும், பின்பு அரக்குக் கரைசலில் தாளை நனைத்து உலர்த்தினால் கோடு அழியாது. மை, பேனா எதுவுமில்லாமல் தசையே தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்கிறது.

தணிக்கையார்: தசையின் கையெழுத்து இருக்கிறது, துறைத்தலைவரின் கையெழுத்துத்தான் இல்லை.

உடலியலார்: எல்லாம் சீட்டின்படி நடந்திருந்தால் உடலியலே வளர்ந்திருக்காது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசலை வடிநீரில் செய்ததாகவே அவர் எண்ணியிருந்தார். அதில் இருந்ததோ குழாய்த் தண்ணீர். உண்மையான வடிநீரில் செய்து பார்த்தபோது இதயம் விரைவில் ஓய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தான கால்சியம் இல்லாமல் இதயத் தசை சுருங்காது என்ற பேருண்மை அப்படித்தான் வெளிவந்தது. மருத்துவமனைகளில் இன்று சிரையில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் அவர் பெயர் நிற்பதும் அதனால்தான்.

தணிக்கையார்: ஆக, கணக்கில் வடிநீர், குடுவையில் குழாய்த் தண்ணீர். எங்கள் துறையில் இதற்கு முறைகேடு என்று பெயர். உங்கள் துறையில் கண்டுபிடிப்பு என்று பெயர். போகட்டும். நட்டுவாக்காலி வாங்கிய கோப்புக்கு வருவோம். மூன்று விலைப்புள்ளிகள் கோரப்படவில்லை. குறைந்த விலைக்காரர் யார் என்று தெரியவில்லை. பற்றுச்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைநாட்டு மட்டும் இருக்கிறது.

உடலியலார்: கருந்தேள்களிலேயே பெரியதான நட்டுவாக்காலியை எந்த நிறுவனம் விற்கிறது, சம்பந்தி? கல்லைப் புரட்டினால் கிடைக்கும் உயிர் அது. உடலியல் வினாக்கள் பலவற்றுக்கும் அவற்றை ஆராய்வதற்கு மிக வாய்ப்பான விலங்கு ஒன்று எங்கேனும் இருக்கும் என்று டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ 1929இல் எழுதினார். அந்த விலங்கு இந்த வட்டாரத்துக் கல்லுக்கடியிலும் ஏரிச்சேற்றிலும் வயல்வரப்பு வளையிலும் இருக்கிறது என்பதைத் திருப்பதி ஆய்வகம் கண்டுகொண்டது. பகலில் பதுங்கி இரவில் நடமாடும் நட்டுவாக்காலியின் தசையிலும் நரம்பிலும் நொதிகளின் வேகம்கூட நாளின் பொழுதுக்கேற்ப ஏறி இறங்குகிறது என்று அங்கே அளந்து காட்டினார்கள். நொதி என்பது உடலுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். அதற்கும் ஒரு முன்னிரவு உண்டு, ஒரு நண்பகல் உண்டு. அதை அளக்க இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்.

தணிக்கையார்: இரவெல்லாம் மின்விளக்கு எரிந்ததற்கும் அதே கோப்பில் ஒரு தடை இருக்கிறது. சரி, நத்தைக்கு வாருங்கள். ஏரி வற்றியதும் நத்தை சேற்றில் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும் என்று உங்கள் திட்ட அறிக்கையிலேயே எழுதியிருந்தீர்கள் அல்லவா?

உடலியலார்: ஆம், கோடை உறக்கம். ஏரிகளில் வாழும் பைலா நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு; நீர் வற்றிய காலத்தில் உடலின் எரிபொருட்செலவை அடிமட்டத்துக்குக் குறைத்துக்கொண்டு அடுத்த மழை வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும்.

தணிக்கையார்: அந்தச் செலவுக்குறைப்பு பதிவேட்டில் தென்படவில்லையே. உறங்கிய மாதங்களிலும் நத்தைத் தீவனத்துக்கு அதே தொகை எழுதப்பட்டிருக்கிறது.

உடலியலார்: உறங்காத நத்தைகளும் தொட்டியில் இருந்தன. அவை ஒப்பீட்டுக் குழு. எந்த மாற்றத்துக்கும் உட்படுத்தாமல் வைத்து, மாற்றியவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானவை.

தணிக்கையார்: பாதி நத்தை உறங்கியும் பாதித் தீவனம் மிஞ்சவில்லை.

உடலியலார் இதற்கு விடை கூறாமல் படிகளின் ஓரத்துத் திண்டில் அமர்ந்து, பேச்சைக் கலிபோர்னியாவுக்குத் திருப்பினார் என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

உடலியலார்: பம்பாபதி ராவ் 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தியோடர் புல்லக்கோடு பணியாற்றியபோது, பாறையில் ஒட்டி வாழும் மட்டிகளை எடுத்துக்கொண்டார். மட்டி கடல்நீரை உள்ளே இழுத்து வடிகட்டித்தான் உண்கிறது. ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்த்தபோது, குளிர்ந்த வடகரை மட்டிகள் தென்கரை மட்டிகளைவிட விரைவாக நீரை இறைத்தன. குளிரால் குறையும் வேகத்தை ஈடுசெய்ய உடல் தன்னை முன்கூட்டியே முடுக்கி வைத்திருந்தது. தொட்டியில் அலை ஏற்றமோ வற்றமோ இல்லாதபோதும் அவை தாம் பிறந்த கரையின் நேரப்படியே இறைப்பைக் கூட்டிக் குறைத்தன. வேறு கரையில் கொண்டுபோய் வைத்தால் அந்தக் கரையின் நேரத்துக்கு மாறிக்கொண்டன.

தணிக்கையார்: வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போன எழுத்தர் முதலில் பழைய அலுவலகத்துக் காபி நேரத்திலேயே எழுந்து போய், பிறகு புதிய அலுவலகத்து நேரத்துக்குப் பழகுவதுபோல.

உடலியலார்: மிகச் சரி.

தணிக்கையார்: அப்படியானால் ஓர் ஐயம். 1960 மார்ச் 31 இரவு திருத்தணியில் பிடிபட்டு, மறுநாள் காலை திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்த நட்டுவாக்காலி எந்த மாநிலத்துச் சொத்து? எந்த மாநிலத்து நேரப்படி அது விழித்திருக்கும்?

உடலியலார்: அதற்குச் சூரியன் மறைந்தால் போதும், சம்பந்தி, அரசிதழ் வேண்டாம்.

இதுவரை உடலியலாரின் கை ஓங்கியிருப்பதுபோலத் தோன்றினாலும், அடுத்த பகுதியில் நியாயம் தணிக்கையார் பக்கமே கூடுதலாக இருக்கிறது. பேராசிரியர்களில் பலர் கேட்க மறந்த ஒரு கேள்வியை இருப்புப் பதிவேட்டின் துணைகொண்டு அவரே கேட்கிறார்.

தணிக்கையார்: கட்டுரைகளின் அட்டவணைக்கடியில் எல்லாம் ஒரே குறிப்புத்தான் இருக்கிறது: ஒவ்வொரு மதிப்பும் ஆறு விலங்குகளின் சராசரி. ஏன் எப்போதும் ஆறு? ஆறுமுகன் ஊர்க்காரர் என்பதாலா?

உடலியலார்: விலங்குக்கு விலங்கு வேறுபாடு இருப்பதால், சராசரியும் அதிலிருந்து விலகும் அளவும் கணிக்கக் குறைந்தது அத்தனையாவது வேண்டும் என்பது வழக்கம்.

தணிக்கையார்: பதிவேட்டில் தவளை நாற்பது வரவு, கட்டுரையில் ஆறு. மீதி முப்பத்து நான்கு எங்கே? வாளியிலேயே செத்தவை எத்தனை, கருவி பழுதானதால் வீணானவை எத்தனை, எதிர்பார்த்த விடையைத் தராததால் ஒதுக்கப்பட்டவை எத்தனை? கட்டுரையைப் படித்த அறிஞர்கள் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செத்த தவளையை எண்ணியது தணிக்கை மட்டுமே, அதுவும் காசுக்காக.

உடலியலார்: கடைசி வகையில் சில இருந்திருக்கலாம்.

தணிக்கையார்: 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் பதினான்காம் பிரிவில், உடலியல் அறிவைப் புதிய கண்டுபிடிப்பால் வளர்க்கும் சோதனைகளுக்கு இடம் தருகிறது. நாட்டின் பல விலங்கியல் துறைகளில் நடந்ததோ, ஒரே வயல்நண்டு, ஆண்டுக்கொரு பூச்சிக்கொல்லி. நான்கு மருந்து, செவுள், தசை, செரிமானச் சுரப்பி என்று மூன்று உறுப்பு, பெருக்கினால் பன்னிரண்டு கட்டுரை. ஆறு நண்டுக்குப் பன்னிரண்டு கட்டுரை என்றால் ஆறுமுகத்துக்குப் பன்னிரு கை சரியாகத்தான் பொருந்துகிறது. நஞ்சு கொடுத்தால் நண்டு நலிவடையும் என்பதைத் தவிர வேறென்ன புதிதாகத் தெரிந்தது?

உடலியலார்: பதவி உயர்வுக்குக் கட்டுரையின் எண்ணிக்கையை யார் கேட்டார்கள், சம்பந்தி? நண்டா கேட்டது? எண்ணுவதற்கு எளிதானதையே அலுவலகம் கேட்டது; ஆய்வகமும் அதையே விளைவித்தது. இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது, மகிழுங்கள். 1998இல் விலங்குச் சோதனை விதிகள் வந்தன. எலியைத் தொடுவதற்குமுன் நெறிமுறைக் குழு கூட வேண்டும், வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர் அதில் உட்கார வேண்டும். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் மாணவர்களின் அறுவைப் பயிற்சியையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. இரண்டும் வேண்டியவையே, தவளைகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் விளைவைப் பாருங்கள். அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906இல் உருவாக்கிய வெள்ளெலியின் வழித்தோன்றல்கள் விலைப்புள்ளியோடும் பற்றுச்சீட்டோடும் வந்து குளிரூட்டிய அறையில், உமிப் படுக்கையில், பன்னிரண்டு மணி நேர விளக்கொளியில் வாழ்கின்றன. வெளியே அக்னி நட்சத்திர வெயிலில் கல்லுக்கடியில் கிடக்கும் நட்டுவாக்காலி எப்படி உயிரோடிருக்கிறது என்று அறிய எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை.

தணிக்கையார்: எலிக்கு எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது என்பது உண்மை.

உடலியலார்: உங்கள் மருமகளின் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எலியின் திசுவைக் கூழாக்கி, வாங்கிய பெட்டியிலிருக்கும் கரைசலை ஊற்றி, நிறம் மாறுவதை இயந்திரம் படித்துச் சொல்ல, எண் அச்சாகி வருகிறது. முனைவர் பட்டம் முடியும் வரை அந்த எலி நடந்ததை அவள் நின்று பார்த்ததில்லை.

தணிக்கையார்: பெண்ணைப் பெற்றவர் வாயிலிருந்து இப்படியா? அவள் கோப்பில் ஒரு தடைகூட இல்லை, சம்பந்தி.

உடலியலார்: அதைத்தான் சொல்கிறேன், நீங்கள் பாராட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். இருக்கட்டும், கையை நீட்டுங்கள், நாடியைப் பார்ப்போம். நூற்று இருபத்து நான்கு. கீழே இருந்தபோது எழுபத்தெட்டு. ஏறியதால் இதயத்துடிப்பு உயர்ந்தது என்று இப்போதே எழுதிவிட முடியாது. ஒரே ஓர் அளவு போதாது. இறங்கி இன்னும் ஐந்து முறை ஏறினால் சராசரி கிடைக்கும்.

தணிக்கையார்: ஆறு முறையும் ஏறுவது ஒரே ஆள் என்றால், உங்கள் கணக்குப்படி அது ஆறு விலங்கா, ஒரு விலங்கா?

உடலியலார்: நுட்பமான கேள்வி. பல கட்டுரைகள் அங்கேதான் வழுக்கின.

தணிக்கையார்: அப்படியானால் மீதி ஐந்து பேருக்கு விலைப்புள்ளி கோரி வையுங்கள், சம்பந்தி. அடுத்த கிருத்திகைக்குள் வந்து சேராவிட்டால் நிதி காலாவதியாகிவிடும்.