பாட்டும் பங்கும்

கேள்வி: டிஸ்கோ அலை ஓய்ந்த பிறகும் நடன இசையை நம்பிப் பிழைத்தவர் உண்டா?

பதில்: நியூயார்க்கின் பாபி ஓர்லாண்டோ! 1980-களில் 'ஓ ரெக்கார்ட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தி, தானே எழுதி, தானே வாசித்து, தானே விற்றவர். அவருடைய 'தி ஃப்ளர்ட்ஸ்' குழுவில் பாடகிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாதவர் முதலாளி மட்டுமே.

1983-ல் பாடகர் ஸ்டிங்கைப் பேட்டி காண லண்டனிலிருந்து நியூயார்க் போன பத்திரிகையாளர் நீல் டென்னன்ட், இந்த மனிதரையும் விடாமல் சந்தித்தார். டென்னன்ட் பாடிய 'பெட் ஷாப் பாய்ஸ்' குழுவின் இசைக்கு வழி திறந்தது அப்படித்தான். அவர்களின் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாட்டின் முதல் பதிவு 1984-ல் பாபியின் தயாரிப்பாகவே வந்தது. மறு ஆண்டு அவர்கள் விலகியபோது, அவர்களின் வருங்கால ராயல்டியில் பாபி பங்கு எழுதி வாங்கிக்கொண்டார். 1986-ல் அதே பாட்டு, வேறொருவர் தயாரிப்பில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம்! பாபி கணக்கில் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் இசையில் துடிக்கும் பேஸ் ஒலிக்காகவே நான் அவரை வணங்குவேன்.