தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டரில் பனிக்காலம்

கேள்வி: பினாங்கில் பனியே கிடையாது. நம் விமானங்களுக்கு எதற்குப் பனி நீக்கும் கருவி? (கெலுகோர் வாசகர்)

தரையில்தான் கிடையாது ஐயா. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். பாயான் லெப்பாஸ் ஓடுபாதையில் 30 டிகிரி வெயில் கொளுத்தும்போதே, 5,000 மீட்டர் வாக்கில் வெப்பம் பூஜ்யம். நம் இடிமேகங்கள் அதைப்போல் மூன்று மடங்கு உயரம்கூட எழும்பும். பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத நீர்த்துளிகள் அவற்றில் உண்டு. இறக்கை மோதியதும் அவை ஐஸாகி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஐஸின் கனம்தானே விமானத்தைக் கீழே இழுக்கிறது? (மிண்டன் ஹைட்ஸ் மாணவி)

கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், சொரசொரப்பைப் பொறுக்க முடியாது. இறக்கையின் மேற்புறத்தில் காற்று வழுக்கிக்கொண்டு ஓடினால்தான் விமானம் தூக்கி நிறுத்தப்படும். முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு வந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், இழுவை 40 சதவீதம் வரை கூடும். இதைவிட மோசம், காற்று இறக்கையை முன்கூட்டியே கைவிட்டுவிடும். மூக்கைச் சற்றே நிமிர்த்தினாலும், பாதுகாப்பானது என்று நம்பிய வேகத்திலேயே விமானம் சரியத் தொடங்கும்.

கேள்வி: சுபாங் போகும் ஃபயர்ஃபிளை விமானத்தின் இறக்கை முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் எதற்கு? (சுங்கை டுவா வாசகர்)

நல்ல கண் உங்களுக்கு. அந்த ஏடிஆர் 72 விமானத்தில் ரப்பர் பட்டைக்குள் காற்றைச் செலுத்தி உப்பவைப்பார்கள், ஐஸ் உடைந்து பறந்துவிடும். ஜெட் விமானங்கள் பெரும்பாலும் எஞ்சினின் சூடான காற்றால் விளிம்பைச் சுட வைக்கின்றன.

அந்தப் பட்டைக்கு ஒரு துயரக் கதை உண்டு. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே, ஓர் ஏடிஆர் 72 தரையிறங்க முறை காத்து உறைதூறலில் வட்டமடித்தது. துளிகள் பெரியவை. மோதிய இடத்திலேயே உறையாமல் பின்னால் வழிந்து, ரப்பருக்கு அப்பால் வரப்புக் கட்டின. ரப்பர் எத்தனை முறை உப்பினாலும் அந்த ஐஸ் வரப்பு அசையாது. அதன் விளைவாக, விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் மடல் தானாகத் திரும்பிக்கொள்ள, தானியங்கி ஓட்டுமுறை விலகிக்கொண்டது. 68 பேரும் இறந்தார்கள். அதன் பிறகே பட்டையை அகலமாக்கினார்கள்.

கேள்வி: இது குளிர்நாட்டுக் கவலைதானே? (கெலுகோர் வாசகி)

இல்லை அம்மா. 2002 டிசம்பர் 21 அன்று தைப்பேயிலிருந்து மக்காவ் சென்ற டிரான்ஸ்ஏசியா சரக்கு விமானம், அதுவும் ஏடிஆர் 72, கடகரேகையை ஒட்டிய பெங்ஹு தீவுகள் அருகே கடலில் விழுந்தது. கடும் ஐஸ் படிந்ததே காரணம். இரு விமானிகளும் இறந்தனர்.

கேள்வி: தரையிறங்கிய ஜெட்டின் இறக்கைக்கு அடியில் வெண்பனி பார்த்தேன். பழுதா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பழுதில்லை. உயரத்தில் மணிக்கணக்காகக் குளிர்ந்த எரிபொருள் இறக்கைக்குள் இருக்கிறது. நம் ஈரக்காற்று பட்டதும் அடிப்புறம் வெளுக்கும். எரிபொருள் தொட்டிக்கு நேர் கீழே மெல்லிய படலத்தை அனுமதிக்கிறார்கள். மேற்புறம் என்றால் கதை வேறு. 1991 டிசம்பர் 27 அன்று ஸ்டாக்ஹோமில் ஓர் எம்டி-81 விமானத்தின் இறக்கை மேல் உறைந்திருந்த கண்ணாடி ஐஸ் யார் கண்ணிலும் படவில்லை. விமானம் எழும்பியதும் அது பெயர்ந்து வால்பக்க எஞ்சின்களுக்குள் பாய, இரண்டும் நின்றன. விமானி வயலில் இறக்கினார். 129 பேரும் பிழைத்தார்கள்.

கேள்வி: இதையெல்லாம் படிக்க என் மகன் எங்கே போகலாம்? (கெலுகோர் தாய்)

யூஎஸ்எம் பல்கலைக்கழகம் உங்கள் பக்கத்திலேயே இருந்தாலும், அதன் விண்வெளிப் பொறியியல் பிரிவு நிபோங் தெபால் வளாகத்தில் இருக்கிறது. பாலம் தாண்டி அனுப்பி வையுங்கள் அம்மா.