நாய்ப் பொருத்தம்

ஸ்ரீரங்கத்தில் கல்யாணத் தரகர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு நாய்த் தத்து மாமிகள் வந்திருக்கிறார்கள். அடையவளஞ்சான் வீதியில் ஒருவர், சித்திரை வீதியில் ஒருவர் என்று எப்படியும் தேறும். அடையாளம் சுலபம்: ஸ்கூட்டியின் முன்னால் ஒரு எவர்சில்வர் தூக்கு, பட்டுப்புடவையிலும் நாலு நாய்முடி. அடிபட்டது, சலித்துப்போய்க் காரில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டது, தேர்க்கூட்டத்தில் தொலைந்தது எல்லாம் கடைசியில் மாமியின் ரேழியில்தான் வந்து சேரும்.

நாய் கேட்டுப் போகிறவர்கள் ஏதோ தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டு போவார்கள். தில்லைநகரிலிருந்து நானும் அப்படித்தான் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். மாமி என்னைத் திண்ணையிலேயே நிறுத்தினார். பழைய வங்கி டைரி ஒன்றைத் திறந்து, “ஆத்துல யார் யாரெல்லாம் இருக்கா?” என்றார். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை.

“நாங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனா ஆறுக்குத்தான் வருவோம் மாமி. அம்மா வீட்டுல இருப்பாங்க.”

“அம்மாவுக்கு வயசு?”

“எழுபத்தாறு.”

“முட்டி?”

“கொஞ்சம் வலி.”

பென்சில் நகர்ந்தது. வாடகை வீடானால் ஓனர் சம்மதமா, எத்தனையாவது மாடி, லிஃப்டில் நாயை விடுவார்களா, விடிகாலை ஐந்தரைக்கு யார் வெளியே கூட்டிப் போவது, தீபாவளிக்கு எந்த ஊர். பிறகு, “நாய் வளர்த்த அனுபவம் உண்டோ?”

இதற்காகத்தான் காத்திருந்தேன். “சின்ன வயசுல லால்குடியில ஒண்ணு இருந்தது மாமி. மணின்னு பேரு.”

“ஊசி போட்டேளா?”

“இல்லை.”

“எங்க படுத்துக்கும்?”

“தெருவுல.”

“சாப்பாடு?”

“மிஞ்சினது.”

“அப்ப மணிக்குத்தான் உங்களோட இருந்த அனுபவம் உண்டு.” டைரியில் ஒரு கோடு விழுந்தது.

ஜாதகத்தின் பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. அதில் திருவாதிரைக்கும் மூலத்துக்கும் நாய். அனுஷத்துக்கும் கேட்டைக்கும் மான். நாய்க்கும் மானுக்கும் ஆகாது. நான் கேட்டை. நல்லவேளை, மாமி நட்சத்திரம் கேட்கவில்லை. அவருடைய சாஸ்திரம் வேறு. “தெருநாயைத் தத்து எடுத்தவா அது மறுபடி தெருவுக்கு வராம பாத்துக்கணும். நான் சொல்லலை, 2025 ஆகஸ்ட் 22-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு” என்றார். கோர்ட் சொல்லாவிட்டாலும் இங்கே அதுதான் நடைமுறை. ரங்கநாதருக்கு ஏழு பிராகாரம் என்றால் நாய்களுக்கும் கணக்கு உண்டு. சித்திரை வீதி நாய் உத்திர வீதிக்குள் தலைகாட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று மாதம் சோபாவில் படுத்துவிட்டு வந்ததை எந்த வீதியும் சேர்த்துக்கொள்ளாது.

நான் கண் வைத்திருந்தது ஒரு வெள்ளைக் குட்டி மேல். கயிற்றோடு தூணையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. “அது ராஜபாளையம் கலப்பு. ஓட இடம் வேணும். உங்கம்மாவை இழுத்துண்டு போய் மலைக்கோட்டை உச்சியில விட்டுடும்” என்று மாமி தள்ளிவிட்டார். மூலையில் ஒரு செம்பழுப்புப் பெண்நாய் படுத்திருந்தது. ஆறு வயசு; கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டியிருந்தது; பின்னங்காலில் ஒன்று சற்றுத் தாங்கல். “இவ உலகத்தைப் பாத்துட்டா. பகல்ல தூங்குவா. உங்காத்துக்கு இவதான். ஆனா மத்தியானம் ஒருத்தர் வந்து வெளிய அழைச்சுண்டு போகணும்.”

குட்டிதான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி டைரியை மூடிவிட்டார்.

கிளம்பும்போது மட்டும் குரல் இறங்கியது. “மூணு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடப்பா, கூப்பிடாதேங்கோ. மூணு வாரத்துல வெளிய வருவா. மூணு மாசத்துல ஆத்தையே அவ பேருக்கு எழுதிண்டுடுவா.”

இன்று பத்தொன்பதாவது நாள். கட்டிலுக்கு வெளியே ஒரு மூக்கும் இரண்டு முன்னங்கால்களும் தெரிகின்றன. மதியச் சாப்பாட்டுக்கு நான் தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நாளைக்கு மாமி பார்வையிட வருகிறாராம். காலையிலிருந்து வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.