ஹாலுக்குள் ஸ்டூடியோ: கேள்வி-பதில்

கே: எங்கள் இசைக்குழுவில் 7 பேர். கையில் இருப்பது 1,500 வெள்ளி. வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய முடியுமா? (கூலாய்)

ப: முடியும். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு முடிவு எடுங்கள். 7 பேரும் ஒரே நேரத்தில் வாசித்தே ஆக வேண்டுமா? மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸின் விலை ஏறுவது பெரும்பாலும் அதில் எத்தனை மைக் செருகலாம் என்பதைப் பொறுத்துத்தான். பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி மாதிரி 4 மைக் எடுக்கும் பெட்டி ஒன்று வாங்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முதலில் பிடியுங்கள். மற்றவர்கள் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டபடி ஒவ்வொருவராக வந்து வாசிக்கட்டும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ ஆல்பம், வீட்டுப் படுக்கையறையில் 4 டிராக் கேசட் ரெக்கார்டரில் பிடித்தது. அவர் தனி ஆள், உங்களைப் போல 7 பேரைச் சமாதானப்படுத்தும் வேலை இல்லை என்பது வேறு விஷயம்.

கே: அதற்குப் பதிலாக மலிவான யூஎஸ்பி மைக் இரண்டு வாங்கினால்? (ஸ்கூடாய்)

ப: வேண்டாம். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகாது. பாட்டு ஆரம்பிக்கும்போது சேர்ந்திருக்கும் தாளம், முடியும்போது கொஞ்சம் பிரிந்திருக்கும். பழி மட்டும் டிரம்மர் மேல் விழும்.

கே: விலை கூடிய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 10 வெள்ளிக்குப் ‘போட்டுத் தருகிறேன்’ என்கிறார் ஒருவர்.

ப: கூடவே வைரஸையும் போட்டுத் தருவார். ரீப்பர் இருக்கிறது, வினாம்ப் செய்த அதே ஜஸ்டின் ஃபிராங்கெல் உருவாக்கியது. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனியாள் உரிமம் 60 அமெரிக்க டாலர். 4 மைக்கையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் பிடிக்கும். டெமோ போட மட்டும் என்றால் பேண்ட்லேப் போதும், கைப்பேசியிலேயே ஓடும். அது சிங்கப்பூர் நிறுவனம். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு இலவசமாக வருவது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கே: தைப்பூசத்துக்குள் உறுமி மேளப் பாட்டு ஒன்று வெளியிட வேண்டும். எந்த மைக்? (மாசாய்)

ப: டைனமிக் மைக். ஷூர் எஸ்எம்57 என்பது 1965இல் வந்தது, மேளச் சத்தத்துக்கெல்லாம் அசராது. புத்தம் புதியது பாதி விலைக்குக் கிடைத்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கைவிட அதை வைக்கும் இடம்தான் முக்கியம். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுமுகத்தை அடிக்கிறார்கள். மைக்கை அடிக்கிற பக்கம் மட்டும் வைத்தால் அடி கேட்கும், உறுமல் காணாமல் போகும். உறுமல் இல்லாத உறுமியை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்? தேய்க்கிற முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாக ஒன்று. அடிக்கிற பக்கம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கனம் குறைந்தால், சாஃப்ட்வேரில் ஒரு டிராக்கின் ஃபேஸைத் திருப்பிப் பாருங்கள். மீட்டர் உச்சத்தில்கூட மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். சத்தத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், சிதறிய அடியை எதுவும் ஒட்டாது. தப்பு மேளம் வாசிப்பவரை அறையின் அடுத்த மூலைக்கு அனுப்புங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கே: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாதா?

ப: போகும். கரப்பான் பூச்சி வரும்.

கே: பிறகு பக்கத்து வீட்டை எப்படித்தான் சமாளிப்பது? (உலு திராம்)

ப: வரிசை வீட்டில் சத்தத்தை அடைக்க வழியில்லை, நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, சிங்கப்பூரில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை நாள். மேளம் வெளுத்துக் கட்டலாம். 2025 ஜனவரி முதல் ஜொகூருக்கும் சனி-ஞாயிறுதான் என்றாகிவிட்டது, அவரும் வீட்டில், நீங்களும் வீட்டில். மேளத்தைத் தோட்டத்து மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ பிடித்துவிட்டு, குரலை மட்டும் வீட்டில் பதிவு செய்யுங்கள். டைல்ஸ் தரை எதிரொலிக்கும், எனவே பாடுகிறவருக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து வைத்துக் காற்றாடியை நிறுத்துங்கள். வேர்க்கும்.

கே: பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது.

ப: ப்ளூடூத் ஹெட்ஃபோன்தானே? கழற்றுங்கள். வயர் போட்ட பிறகும் தாமதித்தால் சாஃப்ட்வேரில் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், மிக்ஸிங்கின்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கே: எல்லாம் செய்தும் யோகி பி பாட்டு மாதிரி ஒலிக்கவில்லையே! (குளுவாங்)

ப: 2006இல் வந்த அவருடைய ‘வல்லவன்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து உங்கள் பாட்டுக்கு அடுத்த டிராக்கில் வையுங்கள். இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். எங்கே குறைகிறது என்று காதே சொல்லும். பிறகு மைவி காரில் போட்டுக் கேளுங்கள். வரிகள் புரிகின்றனவா? பேஸ் மட்டும்தான் கேட்கிறது என்றால், மிக்ஸிங் செய்தவர் உங்கள் பேஸ் கித்தார்க்காரர்தானே?