பாந்த்ராவில் மீட்டிங், கொலாபாவில் படுக்கையா?

(மும்பைக்குத் தொழில் நிமித்தம் போகும் வாசகர்களின் கேள்விகள்)

திருப்பூர் ஏற்றுமதியாளர்: மும்பை போனால் தாஜ் மஹால் பேலஸில்தான் தங்க வேண்டும், அதுதான் கௌரவம் என்கிறார் என் பார்ட்னர். மீட்டிங் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பி.கே.சி.). என்ன செய்ய?

பதில்: கொலாபாவில் இருக்கும் தாஜ் 1903-ல் திறந்தது. எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியாவே அதற்குத் தம்பி. அவசியம் பார்க்க வேண்டிய கட்டடம்தான். ஆனால் அங்கிருந்து பி.கே.சி. ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காலை நெரிசலில் காரில் கிளம்பினால், நீங்கள் போய்ச் சேருவதற்குள் போட்டிக்காரன் ஆர்டரை வாங்கிக்கொண்டு போயிருப்பான். வேலை நடக்கிற இடத்தில் படுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் தாஜின் ஸீ லவுஞ்சில் பார்ட்னரோடு ஒரு டீ குடியுங்கள். கௌரவம் அதிலேயே வந்துவிடும்.

கோவை பம்ப் உற்பத்தியாளர்: அப்படியானால் எந்த வேலைக்கு எந்த ஏரியா?

பதில்: செபி, தேசியப் பங்குச் சந்தை, வைர வியாபாரம் என்றால் பி.கே.சி. அங்கே டிரைடென்ட், சோஃபிடெல் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி, மந்திராலயா, கோட்டைப் பகுதி அலுவலகங்கள் என்றால் நரிமன் பாயின்ட். அங்கே ஓபராயும் டிரைடென்டும். காலையில் இறங்கி மறுநாள் விடியலில் பறப்பவருக்கு விமான நிலையத்தை ஒட்டிய சஹார்.

கவனித்தீர்களா, டிரைடென்ட் இரண்டு இடத்தில் வந்தது! டிரைவரிடம் வெறுமனே 'டிரைடென்ட் போப்பா' என்றால், ஊரின் மறுகோடியில் இறங்கி, இல்லாத புக்கிங்கைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சேலம் வாசகர்: ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்குகிறவன் மெட்ரோவில் போகலாமா?

பதில்: ஜூலை மழையில் மும்பை ரோட்டைப் பார்த்தவர் இப்படிக் கேட்க மாட்டார். மூன்றாம் தடம் 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுசாக ஓட ஆரம்பித்துவிட்டது. விமான நிலையம், பி.கே.சி., சர்ச்கேட் எல்லாம் ஒரே கோட்டில், பூமிக்கு அடியில். நட்சத்திரம் ஹோட்டலுக்குத்தான், காலுக்கு இல்லை.

மதுரை வாசகர்: இந்த நட்சத்திரத்தையெல்லாம் யார் கொடுப்பது?

பதில்: மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு. ஆயுள் ஐந்து வருஷம். ஹோட்டல்காரர் விரும்பினால்தான் விண்ணப்பிப்பார், கட்டாயமில்லை. மற்றதெல்லாம் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம்.

ஈரோடு கணக்காளர்: ஹோட்டல் பில்லில் கட்டும் ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இங்கேதான் முதலாளிகள் வழுக்கி விழுகிறார்கள். அறைக்கு வரி, ஹோட்டல் இருக்கிற மாநிலத்துக்குத்தான் சேரும். உங்கள் பதிவு தமிழ்நாட்டில் மட்டும் என்றால், மகாராஷ்டிர பில்லில் உங்கள் எண்ணைத் தங்கத்தில் பொறித்தாலும் வரவு கிடையாது. அங்கேயும் பதிவு இருந்தால் அந்த எண்ணைக் கொடுங்கள்.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு வரி 375. 7,600 ரூபாய் அறைக்கு 1,368. வாடகையில் நூறு ரூபாய் ஏறினால் பில்லில் 1,093 ரூபாய் ஏறுகிறது. ரிசர்வேஷன்காரரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேச வெட்கப்படவே வேண்டாம்.

நெல்லை வாசகர்: செக்-இன் செய்யும்போதே கார்டில் பணம் பிடிக்கிறார்களே?

பதில்: பிடிப்பதில்லை, நிறுத்தி வைக்கிறார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் கொஞ்சம் முடங்கும், அவ்வளவுதான். டெபிட் கார்டைக் கொடுத்தால் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். அது விடுபடச் சில நாள் ஆகும், அதற்குள் வீட்டு ஈ.எம்.ஐ. தேதி வந்துவிடும்.

திருச்சி வாசகி: தனியாகப் போகிறேன். எதைக் கவனிக்க?

பதில்: ரிசப்ஷனில் அறை எண்ணை வாய்விட்டுச் சொன்னால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள். நல்ல ஹோட்டலில் எண்ணைச் சாவி உறையில் எழுதி நீட்டுவார்கள். கார்டு தொட்டால்தான் லிஃப்ட் நகர வேண்டும். அறைக்குள் போனதும் பக்கத்து அறைக்கு இடைக்கதவு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மாற்றிக் கேளுங்கள். இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. சிரித்த முகத்தோடு உடனே மாற்றித் தராத ஹோட்டல், எத்தனை நட்சத்திரம் வைத்திருந்தாலும் மட்டம்.

ஓசூர் வாசகர்: நல்ல தூக்கத்துக்கு எந்த அறை?

பதில்: லிஃப்டுக்குத் தள்ளி, பாங்க்வெட் ஹாலுக்கு ரொம்பத் தள்ளி. புக் செய்யும்போதே 'அன்றைக்குக் கல்யாணம் ஏதும் உண்டா' என்று கேளுங்கள். யாரோ ஒருவர் வீட்டு சங்கீத்துக்கு நீங்கள் ஏன் கண்விழிக்க வேண்டும்?

கும்பகோணம் வாசகர்: அங்கே பஃபேயில் இட்லி எப்படி?

பதில்: மூடி போட்ட பாத்திரத்தில் மணிக்கணக்காக வியர்த்துக் கிடக்கும். மாதுங்காவுக்கு வண்டியை விடுங்கள். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பேட்டை. டிபனுக்கு கஃபே மெட்ராஸ். வாழையிலைச் சாப்பாட்டுக்கு 1942-லிருந்து நடக்கும் ராம நாயக். கஃபே மெட்ராஸுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே மீட்டிங்கைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள்.